மகன் கார் வாங்குகிறான், வீடு பத்திரமா?

புதுச்சேரியில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், சுமார் 10 கிலோ மீட்டரில் பிள்ளைச்சாவடி வரும்.

ஒரு பக்கம் கடல். வலையும் படகும். மறு பக்கம் படிப்பு. முன்பு என்ஜினீயரிங் கல்லூரியாக இருந்து, 2020-ம் ஆண்டில் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக மாறிய வளாகம் இங்கேதான் இருக்கிறது.

இந்தச் சாலையில் ஒரு வேடிக்கை உண்டு. முத்தியால்பேட்டையைத் தாண்டிக் கோட்டக்குப்பம் வந்தால் தமிழ்நாடு. பொம்மையார்பாளையத்தைத் தாண்டினால் மறுபடியும் புதுச்சேரி. கால் மணி நேரத்தில் இரண்டு சர்க்காரின் எல்லையைக் கடந்து விடலாம்!

இந்த ஊரில் ஒரு வாலிபர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 22. தகப்பனார் கடலுக்குப் போகிறவர். மகன் படித்து முடித்து, சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்து விட்டார். சம்பளம் மாதம் 28 ஆயிரம் ரூபாய்.

ஆறு மாதம் சம்பளம் வாங்கியதும் அவருக்கு ஓர் ஆசை.

"அப்பா, ஒரு கார் வாங்கலாம் என்று இருக்கிறேன். மாதம் எட்டாயிரம்தான் தவணை. கட்டிவிடுவேன்."

"கட்டிவிடுவாய் தம்பி. ஓட்டுவதற்கு?"

இது பல வீடுகளில் நடக்கும் பேச்சு. ஆசை தப்பு இல்லை. மழையில் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம். குடும்பத்தோடு கோவிலுக்குப் போகலாம். ஆனால், அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

எது மலிவு?

2025 செப்டம்பர் 22-ந் தேதி சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 18 சதவிகிதமாகக் குறைந்தது. அதற்கு முன் 28 சதவிகிதமும் அதற்கு மேல் செஸ் வரியும் இருந்தன. அந்தக் குறைப்புக்குப் பிறகு ஆல்ட்டோ, எஸ்பிரெஸ்ஸோ, குவிட், டியாகோ போன்ற கார்களின் ஆரம்ப விலை மூன்றரை லட்சத்தில் இருந்து ஐந்து லட்சத்துக்குள் வந்தது.

இது ஷோரூம் விலை. சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் இதற்கு மேல். எனவே எந்தக் கடைக்குப் போனாலும் "ரோட்டுக்கு வர மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

இனி மாதக் கணக்கு. 4 லட்ச ரூபாய் கடன், 9½ சதவிகித வட்டி, 5 வருடம் என்று வைத்துக்கொண்டால், மாதத் தவணை சுமார் 8,400 ரூபாய். ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல்.

மாதம் 800 கிலோ மீட்டர் ஓடினால், லிட்டருக்கு 18 கிலோ மீட்டர் கொடுக்கும் கார் 44 லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்று போட்டால் 4,400 ரூபாய். சர்வீஸ், டயர், பேட்டரி, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் மாதக் கணக்கில் பங்கிட்டால் குறைந்தது இன்னும் 2 ஆயிரம்.

மொத்தம் சுமார் 15 ஆயிரம். சம்பளத்தில் பாதிக்கு மேல் காருக்கே போய்விடும்!

அப்படியானால் அந்த வாலிபருக்குப் புதுக் கார் கட்டுப்படி ஆகாது. இரண்டு, இரண்டரை லட்சத்தில் நல்ல பழைய கார் பார்ப்பதே புத்திசாலித்தனம். அதையும் பாதிப் பணம் சேர்த்த பிறகு வாங்க வேண்டும்.

உப்பும் வெள்ளமும்

பழைய கார் வாங்குவதற்கு எல்லா ஊரிலும் பொதுவான யோசனைகள் உண்டு. கடற்கரை ஊருக்கு இரண்டு யோசனைகள் கூடுதல்.

முதலாவது உப்பு. கடற்காற்று இரும்பைத் தின்னும். மேலே பெயிண்ட் பளபளக்கும். அடியில் துரு பிடித்திருக்கும். காரை மெக்கானிக் பள்ளத்தின் மேல் நிறுத்தி, அல்லது தூக்கி வைத்து, அடிப்பாகத்தைப் பாருங்கள். கதவின் அடி விளிம்பு, சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவு, ஜாக்கி வைக்கும் இடம் ஆகியவற்றை விரலால் அழுத்துங்கள். பொரிப்பொரியாக உதிர்ந்தால் வேண்டாம்.

ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். தகட்டின் மேல் ஒட்டும். 'பட்டி' பூசி மறைத்த இடத்தில் ஒட்டாது.

இரண்டாவது வெள்ளம். இதுதான் பெரிய ஆபத்து.

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 46 சென்டி மீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தெருவில் நின்ற வண்டிகள் தண்ணீரில் மூழ்கின. 2015-ம் ஆண்டு சென்னை வெள்ளத்திலும் இதே கதைதான்.

மூழ்கிய கார்கள் எல்லாம் உடைக்கப் போவதில்லை. கழுவித் துடைத்து, வாசனை தெளித்து, வேறு ஊரில் விலைக்கு வரும்.

கண்டுபிடிப்பது எப்படி? சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா? கால் மிதி விரிப்பைத் தூக்கி, அதற்கு அடியில் உள்ள பஞ்சை முகர்ந்து பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி டயரை எடுத்துவிட்டு, அந்தக் குழியைப் பாருங்கள். சீட்டை நகர்த்தும் தண்டவாளத்திலும் அதன் போல்ட்டுகளிலும் துரு இருந்தால், அது காற்றில் வந்த துரு அல்ல. தண்ணீரில் நின்ற துரு.

இதை எழுதுகிறவனும் ஒருமுறை ஏமாந்தவன்தான். "டாக்டர் ஓட்டிய வண்டி சார்" என்றார் தரகர். வாங்கி மூன்றாம் மாதம் விளக்கு தானாக எரிந்தது. கண்ணாடி தானாக இறங்கியது. மெக்கானிக் விரிப்பைத் தூக்கினார். அடியில் ஆற்று மணல்! அந்த டாக்டர் எந்த ஆற்றில் ஓட்டினாரோ தெரியாது.

இன்னும் சில அடையாளங்கள். மீட்டர் 30 ஆயிரம் கிலோ மீட்டர் காட்டும். ஆனால், கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பர் வழவழ என்று தேய்ந்து கிடக்கும். மீட்டரைத் திருப்பி விட்டார்கள் என்று அர்த்தம். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ம் வருடம் 23-வது வாரத்தில் செய்த டயர். பட்டன் நன்றாக இருந்தாலும் அது கிழ டயர்.

எந்த வருடத்துக் கார் வாங்கலாம்? 2019 ஜூலை முதல் தேதியில் இருந்துதான் டிரைவருக்கு முன்னால் காற்றுப் பை எல்லாக் கார்களிலும் கட்டாயம் ஆயிற்று. வழுக்காமல் நிற்க உதவும் ஏ.பி.எஸ். பிரேக்கும் அதே வருடம் ஏப்ரலில் கட்டாயம் ஆனது. எனவே பணம் கொஞ்சம் கூடினாலும், 2019 நடுவுக்குப் பிறகு செய்த காராகப் பாருங்கள். அதற்கு முந்திய கார் என்றால், பை இருக்கும் மாடல்தானா என்று கேளுங்கள். முதல் தடவை ஓட்டும் பிள்ளைக்கு, பாட்டுப் பெட்டியை விட அந்தப் பை முக்கியம்.

மிக மலிவாகக் கிடைக்கிறது என்று, கம்பெனியே மூடிவிட்ட காரை வாங்கும்போது யோசியுங்கள். மறைமலைநகரில் கார் செய்த ஃபோர்டு கம்பெனி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. கார் நல்ல கார்தான். ஆனால், சின்ன ஊரில் சாமான் கிடைக்குமா என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

ஒரு நிமிஷத்துக் கணக்கு

கார் பிடித்துவிட்டது. விலையும் படிந்துவிட்டது. இப்போது தரகர் சொல்வார்:

"இன்சூரன்ஸ் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. பரவாயில்லை, உள்ளூரில்தானே ஓட்டப் போகிறீர்கள்?"

அங்கேதான் வீடு போகும்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது யாருக்கும் நடக்க வேண்டாம். கணக்குக்காகச் சொல்கிறோம்.

சாலை ஓரத்தில் சைக்கிளில் ஒரு மீனவர் போகிறார். வயது 30. மாத வருமானம் 15 ஆயிரம் ரூபாய். வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாயார். கார் மோதி அவர் இறந்துவிடுகிறார். தவறு கார் ஓட்டியவர் மேல்.

அந்தக் குடும்பம் விபத்து நஷ்டஈட்டுக் கோர்ட்டுக்குப் போகும். கோர்ட்டு எப்படிக் கணக்கிடும்? சுப்ரீம் கோர்ட்டு 2009-ம் ஆண்டிலும் 2017-ம் ஆண்டிலும் இதற்கு வழி வகுத்திருக்கிறது.

வருட வருமானம் 1 லட்சத்து 80 ஆயிரம். அவர் 40 வயதுக்கு உட்பட்டவர், சொந்தத் தொழில். இருந்திருந்தால் வருமானம் வளர்ந்திருக்கும். அதற்காக 40 சதவிகிதம் கூட்ட வேண்டும். ஆக 2 லட்சத்து 52 ஆயிரம்.

அவரை நம்பி நான்கு பேர். அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கைக் கழித்தால், மீதி 1 லட்சத்து 89 ஆயிரம். வயது 26 முதல் 30 வரை என்றால், இதை 17-ஆல் பெருக்க வேண்டும்.

32 லட்சத்து 13 ஆயிரம்!

ஈமச் செலவு, மனைவியின் இழப்பு முதலியவற்றுக்கு 70 ஆயிரத்துக்குக் குறையாமல் சேரும். வழக்குப் போட்ட நாளில் இருந்து வட்டியும் உண்டு.

இன்சூரன்ஸ் இருந்தால் இந்தப் பணத்தைக் கம்பெனி கொடுக்கும். இல்லாவிட்டால் யார் கொடுப்பது? ஓட்டியவரும், காரின் சொந்தக்காரரும்.

சொந்தக்காரர் யார்? பல வீடுகளில் மகனுக்குக் கடன் கிடைக்கவில்லை என்று, அப்பா பெயரில் கார் வாங்குகிறார்கள். அப்பா பெயரில் கார்; அப்பா பெயரில்தான் வீடும். கோர்ட்டுக் கட்டளை எங்கே வந்து நிற்கும் என்று சொல்ல வேண்டியது இல்லை.

இறந்தவர் குடும்பத்தையும் நினைத்துப் பாருங்கள். கார்க்காரரிடம் பணம் இல்லை என்றால், கோர்ட்டுத் தீர்ப்பு வெறும் காகிதம். நான்கு பேர் தெருவில் நிற்பார்கள். இதற்காகத்தான் 1939-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்திலேயே, அடிபடும் மூன்றாம் மனிதருக்காக இன்சூரன்ஸ் செய்ய வேண்டும் என்று விதித்தார்கள். அந்தப் பகுதி 1946 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இப்போது நாடு முழுவதும் 1988-ம் வருடச் சட்டம் நடக்கிறது. அதிலும் அதே விதி.

இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால், சட்டப்படி முதல் தடவை 2 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் அபராதம் 4 ஆயிரம். ஆனால், 32 லட்சத்துக்குப் பக்கத்தில் இந்த 2 ஆயிரம் ஒரு தொகையா?

தேர்டு பார்ட்டி, ஃபுல் இன்சூரன்ஸ்

இந்த இரண்டு சொற்களும் கார்க் கடையில் அடிக்கடி காதில் விழும்.

தேர்டு பார்ட்டி என்பது, உங்கள் காரால் வெளியாளுக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு. உயிர் போனாலோ காயம் பட்டாலோ கோர்ட்டு சொல்லும் தொகை முழுவதையும் கம்பெனி கொடுக்கும். உச்ச வரம்பு இல்லை. கடையை, மதிலை, வேறு வண்டியை இடித்தால் ஏழரை லட்சம் ரூபாய் வரை. உங்கள் காருக்கு ஒரு காசும் கிடையாது.

இதன் கட்டணத்தைக் கம்பெனிகள் தம் இஷ்டப்படி வைக்க முடியாது. மத்திய சர்க்கார் வகுக்கிறது. 2022 ஜூன் 1-ந் தேதி வகுத்தபடி, 1,000 சி.சி. வரை உள்ள காருக்கு வருடத்துக்கு 2,094 ரூபாய். 1,000-க்கு மேல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கும் மேல் 7,897 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி.

என்ஜின் சிறிதாக இருந்தால் இங்கேயும் மிச்சம் என்பதைக் கவனியுங்கள். 998 சி.சி. காருக்கும் 1,199 சி.சி. காருக்கும் வருடா வருடம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

ஃபுல் இன்சூரன்ஸ் என்றால், தேர்டு பார்ட்டியோடு உங்கள் காருக்கும் பாதுகாப்பு. மோதல், திருட்டு, தீ, புயல், வெள்ளம் எல்லாம் அடங்கும்.

இதில் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்தால், உங்கள் காரில் உட்கார்ந்து வரும் அம்மா, அக்கா, குழந்தைகள் 'மூன்றாம் மனிதர்' கணக்கில் வர மாட்டார்கள். ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால், காரில் வருகிறவர்களுக்கும் கம்பெனி பொறுப்பு. சுப்ரீம் கோர்ட்டு 2012-ம் ஆண்டில் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கோவிலுக்குக் குடும்பத்தோடு போகத்தானே கார்? அப்படியானால், விலை குறைந்த பழைய காராக இருந்தாலும் ஃபுல் இன்சூரன்ஸ் எடுப்பதே நல்லது.

ஓட்டும் சொந்தக்காரருக்கு 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு ஒன்றும் கூடவே உண்டு. இதில் ஒரு சிக்கல்! கார் யார் பெயரில் இருக்கிறதோ, அவர் ஓட்டும்போதுதான் இது செல்லும். அவருக்கு லைசென்சும் இருக்க வேண்டும். அப்பா பெயரில் கார், அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது, ஓட்டுவது மகன் என்றால், மகனுக்கு அந்த 15 லட்சம் கிடையாது. ஆகவே யார் ஓட்டுகிறாரோ அவர் பெயரிலேயே காரை வாங்குங்கள். அப்பா கடனுக்கு ஜாமீன் நிற்கட்டும். முடியாவிட்டால், மகனுக்குத் தனியாக ஒரு விபத்து இன்சூரன்ஸ் எடுத்துவிடுங்கள்.

வெள்ளத்துக்கு வருவோம். ஃபுல் இன்சூரன்சில் வெள்ளம் அடங்கும் என்றோம். ஆனால், தண்ணீரில் நின்ற காரைச் சாவி போட்டுக் கிளப்பினால், என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து உடையும். "இது வெள்ளத்தால் வந்தது அல்ல, நீங்கள் கிளப்பியதால் வந்தது" என்று கம்பெனி மறுக்கும். அதற்கு 'என்ஜின் பாதுகாப்பு' என்று தனியாக ஒரு சேர்க்கை உண்டு. தாழ்வான தெருவில் நிறுத்துகிறவர்கள் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புயல் மறுநாள் காலையில் சாவியைத் தொடாதீர்கள். கட்டி இழுத்துப் போங்கள்.

"பம்பர் டு பம்பர்" என்று ஒரு சேர்க்கையும் விற்பார்கள். மாற்றும் சாமான்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் கொடுப்பது அது. புதுக் காருக்குச் சரி. மிகப் பழைய காருக்குக் கேட்டாலும் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள்.

இளவயதுக்காரருக்குக் கூடுதலா?

புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் சொந்தக்காரர்கள் உண்டு. அங்கே உள்ள சித்தப்பாவையோ மாமாவையோ கேட்டுப் பாருங்கள். அங்கே புதிதாக லைசென்சு வாங்கியவரிடம் முதல் வருடம் இன்சூரன்ஸ் கட்டணத்தை இரண்டு மடங்கு வரை வாங்கலாம். விபத்து இல்லாமல் ஓட்டினால், அந்தக் கூடுதல் வருடா வருடம் பாதியாகக் குறையும். மூன்று வருடத்துக்குப் பிறகு போய்விடும்.

நம் நாட்டில் தேர்டு பார்ட்டிக் கட்டணத்துக்கு ஓட்டுகிறவரின் வயதைப் பார்ப்பது இல்லை. காரின் என்ஜினைப் பார்க்கிறார்கள். 22 வயது வாலிபரும் 50 வயதுக்காரரும் ஒரே கட்டணம்தான் கட்டுகிறார்கள்.

ஆனால், ஒழுங்காக ஓட்டியவருக்குப் பரிசு உண்டு. ஒரு வருடம் நஷ்டஈடு கேட்காமல் இருந்தால், உங்கள் காருக்கான பகுதியில் 20 சதவிகிதம் தள்ளுபடி. பிறகு 25, 35, 45. ஐந்து வருடம் கேட்காவிட்டால் 50 சதவிகிதம். ஒரு தடவை கேட்டுவிட்டால், மறுபடி பூஜ்யத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

கதவில் கீறல் விழுந்தது, ரிப்பேருக்கு 3 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் காருக்கு முதல் ஆயிரம் ரூபாய் எப்படியும் உங்கள் தலையில். மீதி 2 ஆயிரத்துக்காகப் பல வருடத் தள்ளுபடியை இழப்பதா? கைக்காசில் சரி செய்யுங்கள்.

இந்தத் தள்ளுபடி காருக்குச் சொந்தம் அல்ல, ஆளுக்குச் சொந்தம். பழைய காரை விற்றவரின் தள்ளுபடி உங்களுக்கு வராது. உங்களுடையதை அடுத்த காருக்கு எடுத்துப் போகலாம். ஆனால், இன்சூரன்ஸ் முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் எல்லாம் போச்சு.

மறந்து போகும் இரண்டாம் வருடம்

புதுக் கார் வாங்குகிறவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள்.

கோவை கங்கா ஆஸ்பத்திரியின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துகளைத் தடுக்க வேண்டும் என்று 2012-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்குப் போட்டார். ஓடும் வண்டிகளில் பெரும் பகுதிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்ற விவரம் அந்த வழக்கில் வெளிவந்தது. புதுக் காருக்கு மூன்று வருட தேர்டு பார்ட்டியை மொத்தமாக எடுக்க வேண்டும் என்று 2018 ஜூலையில் கோர்ட்டு உத்தரவு போட்டது. செப்டம்பர் 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது. இருசக்கர வண்டிக்கு ஐந்து வருடம்.

நல்ல உத்தரவு. ஆனால், "மூன்று வருடத்துக்குக் கட்டிவிட்டோம்" என்று வாலிபர்கள் பத்திரத்தைப் பெட்டியில் வைத்து விடுகிறார்கள். மூன்று வருடம் என்பது தேர்டு பார்ட்டிக்கு. காருக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான். பதின்மூன்றாவது மாதம் கார் திருட்டுப் போனால், கையில் பாதிப் பத்திரம்தான் இருக்கும். தவணை மட்டும் முழுசாக ஓடும்.

ஷோரூமிலேயே இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வெளியே இரண்டு கம்பெனியில் விலை கேட்டு, அதைக் காட்டினால் ஷோரூமிலும் இறங்கி வருவார்கள்.

பெயர் மாறாத கார்

பழைய கார் வாங்கினால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்ற வேண்டும். விற்றவர் 29, 30 எண் படிவங்களில் கையெழுத்துப் போட வேண்டும். காரின் மேல் பழைய கடன் இருந்தால், பாங்கியின் கடிதமும் 35-ம் எண் படிவமும் வேண்டும். 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதி, உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றாமல் இருந்தால், காருக்கு நேரும் நஷ்டத்துக்கு நீங்கள் பணம் கேட்க முடியாது.

விற்கிறவருக்கும் இதில் கவலை உண்டு. ஒரு வழக்கில் கார் ஒருவர் கையில் இருந்து இன்னொருவர் கை என்று பல கைகள் மாறியது. ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் முதல் ஆள் பெயரே இருந்தது. பிறகு விபத்து நடந்தது. புத்தகத்தில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ம் ஆண்டில் தீர்ப்புச் சொன்னது. எப்போதோ விற்ற காருக்கு அவர் பணம் கட்ட வேண்டி வந்தது!

பிள்ளைச்சாவடிக்காரருக்கு இன்னும் ஒன்று. கோட்டக்குப்பத்தில் மலிவாகக் கிடைத்தது என்று டி.என். நம்பர் காரை வாங்குவார்கள். பக்கத்து ஊர்தான், ஆனால் வேறு மாநிலம். 12 மாதத்துக்கு மேல் புதுச்சேரியில் வைத்து ஓட்டுவதானால், அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, பி.ஒய். நம்பர் வாங்க வேண்டும். விலை பேசும்போதே இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வில்லியனூர், பாகூர் பக்கம் இருப்பவர்களுக்கும் இதேதான். அங்கேயும் இரண்டு மாநில ஊர்கள் பின்னிக் கிடக்கின்றன.

இதற்கு நேர்மாறான காரியமும் நடக்கிறது. புதுச்சேரியில் சாலை வரி குறைவு. அதனால் வெளி மாநிலத்தார் இங்கே விலாசம் காட்டிப் பதிவு செய்ய ஆசைப்படுவார்கள். கேரளத்துச் சினிமா நட்சத்திரங்கள் சிலரின் விலை உயர்ந்த கார்கள் இப்படிப் பதிவானதாக 2017-ம் ஆண்டில் பெரிய வழக்கே கிளம்பியது. "உங்கள் வீட்டு விலாசத்தைக் கொஞ்சம் கொடுங்கள்" என்று தெரிந்தவர் யாராவது வந்தால், காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். விலாசம் கொடுக்காதீர்கள்.

சிநேகிதனுக்குச் சாவி

கார் வந்ததும் சிநேகிதர்கள் வருவார்கள். "ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வருகிறேன்டா" என்பார்கள். லைசென்சு இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. லைசென்சு இல்லாதவர் மோதினால், கம்பெனி அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை உங்களிடம் வசூல் செய்யும். அதே 32 லட்சம்!

18 வயது ஆகாத தம்பி ஓட்டினால் இன்னும் மோசம். பெற்றோருக்கு 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை ஜெயிலும் கிடைக்கலாம். காரின் பதிவு ஒரு வருடம் ரத்தாகும். அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்சு கிடையாது.

இன்னொரு ஆசையும் வரும். சனி, ஞாயிறுகளில் ஆரோவில் பார்க்கவும் கடற்கரை பார்க்கவும் வெளியூர்க்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள். "சும்மா நிற்கிற கார்தானே, நாலு சவாரி ஓட்டினால் தவணை வந்துவிடும்" என்று தோன்றும். வெள்ளை நம்பர் பலகை சொந்த உபயோகத்துக்கு. வாடகைக்கு மஞ்சள் பலகையும் தனி இன்சூரன்சும் வேண்டும். வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நடந்தால், கம்பெனி கைவிரிக்க அதுவே போதும்.

இவ்வளவும் பார்த்து, கார் வாங்கும் நாளும் வந்துவிட்டது. அம்மா குங்குமமும் பூவும் வைக்கிறார். நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் தயார்.

வண்டியில் ஏறுவதற்கு முன், இன்சூரன்ஸ் பத்திரத்தின் முதல் பக்கத்தைப் பாருங்கள். பெயர் சரியா? நம்பர் சரியா? எந்தத் தேதி, எத்தனை மணியில் இருந்து செல்லும் என்று அச்சடித்திருக்கும். சில பத்திரங்கள், பணம் கட்டிய அன்று நள்ளிரவுக்குப் பிறகே உயிர் பெறும்.

அப்படி இருந்தால், பழத்தை நாளைக் காலையில் நசுக்கிக்கொள்ளலாம். இன்று இரவு கார் அங்கேயே நிற்கட்டும்.